நாலாவது ஆள்

தலைநகர்
அக்டோபர் 6

அன்புள்ள மார்லிஸ் அக்கா,

நீ ஃபோனை எடுப்பதில்லை. இரண்டு தடவை செய்தி விட்டேன். மூன்றாவது தடவை, இனி செய்தி விட இடமில்லை என்று இயந்திரம் சொன்னது. அதனால் எழுதுகிறேன்.

மாமாவின் துக்கத்துக்கு நான் வராதது உனக்கு வருத்தம் என்று தெரியும். அதைப் பிறகு பேசுவோம். இது வேறு விஷயம், அவசரமானது.

நேற்று ஆஷ்லின் நகர வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். உங்கள் பூர்வகுடி ஆலோசனைக் குழுவின் மேல் ஒரு புகார் வந்திருக்கிறது. கூடவே ஒரு புகைப்படம். மாமாவின் துக்கத்தில், சமூகக்கூடத்துச் சமையலறையில் எடுத்தது. நீ, டெல்ரே அத்தான், நர்ஸ் அயோன், கூரை வேலை செய்யும் அந்த டகோட்டா இனத்து ஆள் வின்ஸ், நாலு பேரும் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். ‘எங்க கமிஷனர்கள் உருளைக்கிழங்கு உரிக்கிறாங்க’ என்று எழுதி நம் பெண்களில் ஒருத்தி இணையத்தில் போட்டிருக்கிறாள். பெருமைப்பட்டுத்தான் போட்டிருப்பாள்.

அதற்கு அடுத்த திங்கள்கிழமை ஏரிக்கரை மணல்முனை பற்றி ஓட்டெடுத்தீர்கள். முனையின் வடபாதியில் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டக்கூடாது என்று நகரமன்றத்துக்குப் பரிந்துரை செய்தீர்கள். அந்த முடிவு சமையலறையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்பது புகார்.

ஆகஸ்டில் உங்கள் குழுவுக்கு நான் நடத்திய சட்டப் பயிற்சியில் சொன்னது உனக்கு நினைவிருக்கும். ஏழு பேரில் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்து, குழுவின் முன் இருக்கும் விஷயத்தைப் பேசினால் அது கூட்டம். கூட்டம் என்றால் முன்னறிவிப்பு வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், பதிவு வேண்டும். இல்லாவிட்டால் பரிந்துரை செல்லாது. தெரிந்தே செய்தவர் குழுவில் இருக்க முடியாது.

அக்டோபர் கூட்டத்து நாள் பூர்வகுடி நாள் விடுமுறையில் விழுகிறது. நம்மைக் கௌரவிக்க அலுவலகத்தைப் பூட்டுகிறார்கள். குழு கூட முடியாது. ஆக, நவம்பர் 10 கூட்டத்தில்தான் விசாரணை. பயிற்சி கொடுத்தவள் என்ற முறையில் என்னையும் கேட்பார்கள். நீ என் பெரியம்மா மகள் என்பது அவர்களுக்குத் தெரியும். வேலைக்கு எடுக்கும்போதே சொன்னேன். அப்போது சிரித்தார்கள்.

ஃபோனை எடு.

ரெனே


ஆஷ்லின்
அக்டோபர் 10

ரெனே,

உன் கடிதம் வந்தது. பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு, இறங்காமல், ஓட்டும் இருக்கையிலேயே உட்கார்ந்து வாசித்தேன். ‘இது வேறு விஷயம்’ என்று எழுதியிருக்கிறாய். மாமா ஒரு விஷயம், புகார் இன்னொரு விஷயம். எனக்கு அப்படிப் பிரிக்கத் தெரியவில்லை. ஒரே வாரம், ஒரே சமையலறை, ஒரே நாலு பேர்.

ஆஸ்பத்திரியில் மாமா உன்னைக் கேட்டார். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். பிறகு, நெடுஞ்சாலையில் கடும் மழை, வர முடியவில்லை என்று செய்தி அனுப்பினாய். இங்கே இறந்தவருக்காக மூட்டும் நெருப்பை நாலு நாளும் அணையவிடாமல் காத்தோம். ஒரு துளி விழவில்லை.

உன் பயிற்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நகரமன்றக் கட்டடத்தின் இரண்டாவது மாடி, குளிர்ந்துபோன சாண்ட்விச், சுவரில் உன் படங்கள். நாலு பேர் விதியை நீ சொன்னதும் டெல்ரே அத்தான் கை தூக்கினார். “அப்ப எனக்கும் மார்லிஸுக்கும் கல்யாணமே நடக்காது. மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு, சாட்சி ரெண்டு. போலீஸ் வந்துடும்” என்றார். மாமா மகன், கேலிக்கு உரிமையுள்ளவர். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டாய்.

பிறகு நான் ஒன்று கேட்டேன். உனக்கு நினைவிருக்கிறதா? “சாவு வீட்டுக்கு என்ன பண்றது? இந்த ஊர்ல நம்ம ஆள் ஒருத்தர் செத்தா, நாங்க ஏழு பேரும் ஒரே சமையலறையிலதான் நிப்போம்.” நீ சொன்னாய்: “போங்க, நில்லுங்க, சமைங்க. இறந்தவரைப் பத்திப் பேசுங்க. குழு விஷயம் மட்டும் வேண்டாம்.”

நல்ல பதில் என்று நினைத்தேன். அப்படியே செய்தோம். இறந்தவரைப் பற்றித்தான் பேசினோம்.

புகார் கொடுத்தவர் யார் என்று ஊருக்கே தெரியும். முனையில் படகு வாடகைக்கு விடுகிறவர். குழாய் வந்தால் அவர் இடத்தில் கழிப்பறை கட்டலாம், சாப்பாட்டுக் கடை வைக்கலாம். காலையில் பேரனை என் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன். அந்தப் பையன் சீட்பெல்ட் போட்டிருக்கிறானா என்று இப்போதெல்லாம் இரண்டு தடவை பார்க்கிறேன். அவனுக்கு ஏதாவது ஆனால் என்ன சொல்வார்கள் என்று பயமாக இருக்கிறது.

மார்லிஸ்


தலைநகர்
அக்டோபர் 15

அக்கா,

மழை இங்கே பெய்தது. உங்கள் ஊரில் பெய்தது என்று நான் சொல்லவில்லை.

‘இறந்தவரைப் பற்றித்தான் பேசினோம்’ என்று நீ எழுதிய வரியைப் பல தடவை வாசித்தேன். முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அது போய்விட்டது. உனக்குச் சொல்ல வராத ஒன்றை நீ விட்டுவிடுகிறபோது வரி இப்படித்தான் சுருக்கமாக இருக்கும். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் உன் தங்கை, ஆனால் நவம்பர் 10ஆம் தேதி நான் சாட்சி. நீ எனக்கு எழுதுவது எதையும் அவர்கள் கேட்டால் நான் சொல்லவேண்டியிருக்கும். இந்தக் கடிதத்தையும் காட்டச் சொல்லலாம். ஆகவே எழுதும்முன் யோசி.

சட்டம் இவ்வளவுதான். மூன்று பேர் பேசினால் பேச்சு. நாலாவது ஆள் உள்ளே வந்தபிறகும் பேச்சு தொடர்ந்தால் கூட்டம். வந்ததை யாரும் கவனிக்காவிட்டால், தவறுதான், ஆனால் தெரியாமல் நடந்தது, கண்டித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒருவர் தலைகளை எண்ணிப் பார்த்திருந்தால், எண்ணியபிறகும் சும்மா இருந்திருந்தால், அது தெரிந்து செய்தது.

யாராவது எண்ணினார்களா என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுதாதே.

அயோன் எப்படி இருக்கிறாள்? அவளுக்கு வேலை நகரச் சுகாதாரத் துறையில் அல்லவா.

ரெனே


ஆஷ்லின்
அக்டோபர் 20

ரெனே,

நான் எண்ணினேன்.

எழுதாதே என்றாய். மூன்று நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். நேற்று பாலத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கை நான் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதை யாரிடமாவது இறக்கிவைக்காமல் பஸ் ஓட்டக்கூடாது என்று தோன்றியது. டெல்ரே அத்தானிடம் சொன்னால் கேலியாக்கிவிடுவார். அயோன் ஏற்கெனவே சரியாகச் சாப்பிடுவதில்லை. நீதான் மிச்சம்.

மூன்றாம் நாள் சாயங்காலம். கூடத்தில் ஜனம். காட்டரிசி சூப் கொதித்துக்கொண்டிருந்தது, இறந்த மாமாவுக்குப் படைக்கும் தட்டை அப்போதுதான் எடுத்துவைத்திருந்தோம். நான் ரொட்டி மாவைத் தட்டிக்கொண்டிருந்தேன், அயோன் வெங்காயம், டெல்ரே கிழங்கு. அவர் தலையைக் குனிந்துகொண்டு பேச ஆரம்பித்தார். அவர் அப்பா அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன ஒரு சேதி. நாலு நாள் முடிவதற்குள் வேறு யாரிடமாவது சொல்லியாகவேண்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டாராம். எங்கள் இரண்டு பேரிடம் சொன்னார். நான் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அயோன் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

பாதியில் வின்ஸ் வாசலில் வந்து நின்றார். அவருக்கு மாமாவைத் தெரியாது. மேற்கே எங்கிருந்தோ வந்து அஞ்சு வருஷமாக இங்கே கூரை போடுகிறார். குழுவில் என் பக்கத்து நாற்காலி, அந்த மரியாதைக்காக வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கையைக் கழுவி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “ஒரு கத்தி இருக்குமாக்கா? சும்மா உக்காந்திருக்க ஒரு மாதிரியா இருக்கு” என்றார்.

என் தலைக்குள் உன் குரல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணுவதுபோல.

ஒன்று, டெல்ரேயை நிறுத்தவேண்டும். அது அவர் பேச்சு இல்லை, இறந்தவரின் பேச்சு. நடுவில் நிறுத்துவது எப்படி? இல்லாவிட்டால் வின்ஸை வெளியே அனுப்பவேண்டும். துக்கத்துக்கு வந்து வேலை கேட்கிற ஆளைச் சமையலறை வாசலிலிருந்து அனுப்புவது எப்படி என்று எனக்குத் தெரியாது. யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அதற்கு என்ன வார்த்தை சொல்வார்கள்?

கத்தியைக் கொடுத்தேன். சின்னதைக் கொடுத்தேன், பெரியதெல்லாம் மழுங்கல். டெல்ரே நிமிர்ந்து பார்த்தார், வின்ஸுக்கு நகர்ந்து இடம் விட்டார், மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

அந்தச் சேதி மணல்முனை பற்றியது. இறந்தவரைப் பற்றியும்தான். அதுதான் சங்கடம், ரெனே. உன் விதியை நான் மீறவில்லை, மீறியும் விட்டேன்.

மார்லிஸ்


தலைநகர்
அக்டோபர் 23

அக்கா,

நீ எனக்குச் செய்தது என்ன என்று உனக்குப் புரிகிறதா?

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழித்தாலும் படித்தது போகாது. நேற்று வேறொரு ஊரில் பூங்காக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தேன். நாலு பேர் விதி வரும் இடத்தில் நின்றுவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

கோபம் இருக்கட்டும். வழி ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட தவறைச் சரிசெய்யச் சட்டம் இடம் தருகிறது. மூடிய இடத்தில் பேசியதைத் திறந்த கூட்டத்தில் மறுபடி பேசவேண்டும். முழுவதும் இல்லாவிட்டாலும் சாரம் வரவேண்டும். எல்லாரும் கேட்கவேண்டும், பதிவாகவேண்டும். பிறகு புதிதாக ஓட்டு. அப்படிச் செய்தால் பரிந்துரை நிற்கும். டிசம்பரில் நகரமன்றம் குழாய் விஷயத்தை எடுக்கும்போது அது அவர்கள் மேசையில் இருக்கும். இல்லாவிட்டால் இருக்காது. வசந்தத்தில் தோண்டிவிடுவார்கள்.

இதற்கு டெல்ரே அத்தான் அன்று சொன்னதை நவம்பர் 10ஆம் தேதி கேமரா முன்னால் மறுபடி சொல்லவேண்டும். சொல்வாரா?

என்ன சொன்னார் என்று எனக்கு எழுதாதே. இந்தத் தடவையாவது.

ரெனே


ஆஷ்லின்
அக்டோபர் 29

ரெனே,

சொல்லமாட்டார். நானும் சொல்லச் சொல்லமாட்டேன்.

எது என்று எழுதவில்லை. ஏன் என்று மட்டும் எழுதுகிறேன். அதில் பாதி உனக்கே தெரியும். முனையிலிருந்து தோண்டி எடுத்துக்கொண்டு போன நம் முன்னோர்களின் எலும்புகளை அருங்காட்சியகம் பெட்டிகளில் திருப்பி அனுப்பிய வருஷம் நீ பல்கலைக்கழகத்தில் இருந்தாய். அவர்களை எங்கே வைப்பது என்று பெரியவர்கள் பேசினார்கள். முதல் தடவை எடுத்தவர்கள் இடம் தெரிந்ததால்தான் எடுத்தார்கள். ஆகவே இந்தத் தடவை மூன்று பேருக்கு மேல் தெரியக்கூடாது என்று முடிவானது. அந்த மூன்று பேரில் கடைசி ஆள் மாமா.

இப்போது நாலு பேருக்குத் தெரியும். வின்ஸ் அவ்வளவும் கேட்டபிறகு கத்தியை வைத்துவிட்டு வெளியே போய், இறந்தவர்களுக்குக் காணிக்கையாக நெருப்பில் புகையிலை போட்டுவிட்டு வந்தார். இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ சொன்ன வழியை டெல்ரேயிடம் சொன்னேன். காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “எங்கப்பா இத்தனை வருஷம் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல. நான் கேமராவைப் பாத்து சொல்லணுமா?” என்றார். கேலியே இல்லை. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சொன்னால் மறுநாளே மண்வெட்டியோடு ஆள் வரும். சொல்லாவிட்டால் வசந்தத்தில் நகரத்து இயந்திரம் வரும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

அயோன் நேற்று அழுதாள். யாரும் எண்ணவில்லை என்று அவள் நம்புகிறாள். எண்ணினேன் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன். நேராகப் பதில் எழுது. விசாரணையில் உன்னை எழுந்து நிற்கச் சொல்லி, ‘உன் அக்கா எண்ணினாளா’ என்று கேட்டால் என்ன சொல்வாய்? பொய் சொல்லச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டால் தூங்குவேன். எந்தப் பதிலானாலும்.

மார்லிஸ்


தலைநகர்
நவம்பர் 1

அக்கா,

கேட்டால் சொல்வேன்.

இதை மாற்றி எழுத முடியவில்லை.

எழுத்தில் கொடுக்கவேண்டிய வாக்குமூலத்தை அனுப்பிவிட்டேன். உனக்குத் தெரியவேண்டும். விதியை நான் சரியாகச் சொல்லிக்கொடுத்தேன், உறுப்பினர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள் என்று எழுதினேன். துக்கவீட்டைப் பற்றி ஓர் உறுப்பினர் முன்கூட்டியே கேட்டார் என்றும், ‘இறந்தவரைப் பற்றிப் பேசுங்கள், குழு விஷயத்தைப் பேசாதீர்கள்’ என்பது என் பதில் என்றும் எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். இந்தக் குழுவின் முன் இருந்த விஷயமே இறந்தவர்கள்தான் என்பதால், அந்தப் பதிலை அந்தச் சமையலறையில் யாராலும் நிறைவேற்றியிருக்க முடியாது. இந்த வரியை எடுத்துவிட முடியுமா என்று வழக்கறிஞரின் உதவியாளர் மரியாதையாகக் கேட்டார். முடியாது என்றேன்.

இந்த வேலையை நான் நம்பிச் செய்கிறவள் இல்லை. ஆலோசனை சொல்லும் உரிமையை நமக்குக் கொடுக்கிறார்கள். கேட்காமலிருக்கும் உரிமையைத் தாங்கள் வைத்துக்கொள்கிறார்கள். கேட்காமலிருக்க அவர்களுக்கு நாம் ஒரு சாக்குக் கொடுக்கக்கூடாது என்பதற்காகத்தான் ஒவ்வொரு விதியையும் அத்தனை தடவை சொன்னேன். உங்களைக் காப்பதாக நினைத்தேன். இப்போது அந்த விதியால்தான் உன்னைப் பிடிக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்திருக்காவிட்டால் நீ எண்ணியிருக்கமாட்டாய்.

மழையைப் பற்றி. மழை பெய்தது. ஆனால் மற்றவர்கள் அதே மழையில்தான் வந்தார்கள். நான் வந்திருந்தால் அந்தச் சமையலறையில்தான் நின்றிருப்பேன். குழுவில் எத்தனை பேர் அங்கே இருப்பீர்கள், நான் எண்ணவேண்டியிருக்கும் என்று கிளம்பும்முன்பே எனக்குத் தெரியும். 

ரெனே


ஆஷ்லின்
நவம்பர் 4

ரெனே,

நேராக எழுதியதற்கு நன்றி. நேற்று தூங்கினேன்.

நீ சட்டம் தெரிந்தவள் என்பதால் ஒன்று கேட்கிறேன், அக்காவாக அல்ல. உன்னைக் கூப்பிடும்முன் குழுவில் இருக்கும் ஒருவர் எழுந்து பேச நினைத்தால், அதற்கு எப்போது இடம் உண்டு? எவ்வளவு நேரம்?

அவ்வளவுதான். வேறு எதுவும் நீ எழுதவேண்டாம்.

மார்லிஸ்


தலைநகர்
நவம்பர் 6

அக்கா,

பொதுமக்கள் பேசும் நேரம் நிகழ்ச்சிநிரலில் முதலில் வருகிறது. யாரும் பேசலாம். மூன்று நிமிடம்.

ரெனே


தலைநகர்
நவம்பர் 12

அக்கா,

நீ ஓட்டெடுப்புக்கு முன்பே போய்விட்டாய். டெல்ரே அத்தான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் எதையும் நேராகச் சொல்லமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ என்னைப் பார்த்தாய் என்று நினைக்கிறேன்.

நீ உன் நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, பொதுமக்கள் நிற்கும் மைக்குக்கு முன்னால் வந்தபோது தலைவர் குழம்பிவிட்டார். அங்கிருந்தே பேசலாமே என்றார். நீ தலையாட்டிவிட்டு இந்தப் பக்கமே நின்றாய். என் கையில் வாக்குமூலத்தின் பிரதி இருந்தது. அதை எத்தனை மடிப்பு மடித்தேன் என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

நீ சொன்னதைப் பதிவில் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

“என் பேரு மார்லிஸ். ஸ்கூல் பஸ் ஓட்டுறேன். எங்க மாமா துக்கத்துல, சமையலறையில நாலு பேரு இருந்தோம். மத்த மூணு பேரும் எண்ணல, நான் எண்ணினேன். எனக்கு நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாங்க. நாலாவது ஆள் கத்தி கேட்டு வந்தாரு. போங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. நாளைக்கு இன்னொருத்தர் வந்தாலும் சொல்ல மாட்டேன். அதனால இந்த நாற்காலி எனக்கு சரிப்படாது. எடுத்துக்கங்க.”

பிறகு நீ நிறுத்தினாய். நேரத்தைக் காட்டும் விளக்கு மஞ்சளுக்கு மாறியது. முன்வரிசையில் படகுக்காரர் தன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பேசினீங்கன்னு கேக்குறீங்க. எங்க சொந்தக்காரங்க எங்க இருக்காங்கன்னு பேசினோம். வடக்குப் பக்கம் இருக்காங்க. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.”

நீ கோட்டை எடுத்துக்கொண்டு போனாய். கதவு மூடியதும் அயோன் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

வழக்கறிஞர் எழுந்தார். பேசியதன் சாரம் பதிவாகவேண்டும், ‘வடக்குப் பக்கம்’ மட்டும் போதுமா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது என்றார். டெல்ரே அத்தான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது என் பெயர். பையைத் தரையில் வைத்தேன். அப்போது வின்ஸ் பேச அனுமதி கேட்டார். அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“நான்தான் அந்த நாலாவது ஆள். அந்தப் பெரியவரை நான் பாத்ததுகூட இல்ல. ஒரு வீட்டுக்காரங்க, இந்த இடத்துல எங்க ஆளுங்க படுத்திருக்காங்கன்னு சொன்னா, நான் அங்க குழி தோண்ட மாட்டேன். எந்த மூலையில, எத்தனை அடியிலன்னு கேக்கவும் மாட்டேன். அன்னிக்கு நான் கேட்டதோட சாரம் இதுதான். எழுதிக்கங்க.”

வழக்கறிஞர் பக்கத்தில் இருந்தவரோடு வெகுநேரம் கிசுகிசுத்தார். கடைசியில், பதிவுக்கு இது போதும் என்று எடுத்துக்கொள்ளலாம், புதிதாக ஓட்டெடுக்கலாம் என்றார். போதும் என்று சொல்லவில்லை, எடுத்துக்கொள்ளலாம் என்றார். அந்த வித்தியாசத்தை நான் கவனித்தேன், படகுக்காரரும் கவனித்திருப்பார்.

ஆறு பேர், ஆறு கை. அயோனின் கை கடைசியாக எழுந்தது. பரிந்துரை மறுபடி நிறைவேறியது. நீ விலகிவிட்டதால் மற்ற மூவர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று புகாரை மூடிவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. தயாராக வைத்திருந்த பதிலோடு வெளியே வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் உன் வண்டி இல்லை.

நீ எழுந்தது என்னைக் காப்பதற்காகவா என்று கேட்கப்போவதில்லை. இல்லை என்பாய்.

காலியான இடத்துக்கு வரும் புது உறுப்பினருக்கு ஜனவரியில் பயிற்சி கொடுக்க முடியுமா என்று நகரத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் எழுதவில்லை. எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். முனையில் இருப்பவர்கள் எனக்கும் சொந்தம். இதுவரை என்னிடம் சொல்லாதே என்றே எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கிறேன். எங்கே என்று எனக்குச் சொல்.

ரெனே


ஆஷ்லின்
நவம்பர் 18

ரெனே,

உன்னைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறாய்.

உன்னைக் காப்பதற்காக இல்லை. நீ கேட்கவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். நீ எழுந்து ‘ஆமாம், எண்ணினாள்’ என்று சொல்லியிருந்தால், அதன்பிறகு நம் வீட்டுச் சமையலறைக்கு நீ எந்தக் காலத்திலும் வந்திருக்கமாட்டாய். நாங்கள் கூப்பிட்டாலும் மழை என்பாய்.

அயோன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. தன்னிடம் முதலில் சொல்லியிருக்கவேண்டும் என்கிறாள். அவள் சொல்வது சரி. நேற்று சூப் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள், மணி அடிக்கவில்லை. டெல்ரே அத்தானுக்கு மட்டும்தான் சந்தோஷம். “இனிமே நீ வெறும் ஆள். உன்கூட எங்க வேணும்னாலும் நிக்கலாம். கல்யாணத்துக்குத் தடையில்ல” என்கிறார்.

புது ஆளுக்கு நீயே பயிற்சி கொடு. நீ கொடுக்காவிட்டால் வேறு ஒருத்தர் வருவார், அவர் நம் துக்கம் ஒன்றைக்கூடப் பார்த்திருக்கமாட்டார். விதியை அப்படியே சொல். சாவு வீட்டைப் பற்றிக் கேட்டால், அன்று எனக்குச் சொன்ன பதிலைச் சொல்லாதே. தெரியாது என்று சொல். அங்கே நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும், அதற்கு விலை உண்டு என்று சொல்.

நீ கேட்டதற்குப் பதில். சொல்லமாட்டேன். நகரமன்ற ஓட்டு டிசம்பரில். படகுக்காரர் சொந்தமாக ஒரு வக்கீலை வைத்திருக்கிறார் என்று கேள்வி. பேரனை இப்போது அவரே காரில் கொண்டுபோய் விடுகிறார். உன்னை இன்னொரு தடவை கூப்பிடலாம், கேட்டால் நீ சொல்வாய். அதை எழுதியவள் நீதான். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதுவரை உனக்குத் தெரியக்கூடாது. குடும்பத்தில் ஒருத்தியாவது தெரியாமல் இருந்துதான் ஆகவேண்டும் என்றால், இப்போதைக்கு அது நீ.

ஓட்டு எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. மன்றத்தில் மூன்று பேர் நம் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம், ஒருத்தர் யாரைப் பார்த்தாலும் தலையாட்டுகிறார். காலையில் பாலத்தைத் தாண்டும்போது முனையைப் பார்க்காமல் ஓட்ட முயற்சி செய்கிறேன்.

எப்படிப் போனாலும், அது முடிந்ததும் வா. ஏரி உறைந்திருக்கும். முனையில் நடப்போம். நானும் நீயும் இரண்டு பேர், இரண்டு பேரும் எந்தக் குழுவிலும் இல்லை. நான் ஒன்றும் சொல்லமாட்டேன், நீயும் கேட்காதே. எந்த இடத்திலும் நிற்கவும் மாட்டேன், யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம். நடந்துகொண்டே இருப்போம். புகையிலையை வெறுங்கையால்தான் போடவேண்டும். ஓரிடத்தில் நான் இடது கையுறையைக் கழற்றுவேன்.

நீயும் கழற்று.

மார்லிஸ்